மார்ஃபின் மாத்திரையை வீட்டில் எங்கே வைப்பது?

கோட்டாற்றிலிருந்து ஒருவர் போனில் கேட்டார். “எங்க அம்மைக்கு மார்ஃபின் தந்திருக்காவ. நூத்தி எண்பது மாத்திரை. இத வீட்டுல வைக்கலாமா, பேங்க் லாக்கர்ல வைக்கணுமா? போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொல்லிரணுமா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மார்ஃபின் கடும் வலிக்குத் தரும் மருந்து, போதைமருந்துச் சட்டத்துக்குள்ளும் வருவது. அப்பாவுக்கு முதல் தடவை அந்த மாத்திரை அட்டைகளை வாங்கிக்கொண்டு திருவனந்தபுரத்திலிருந்து திரும்பியபோது, பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நானும் இதே கேள்வியோடுதான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு ஏழு மாதம் அந்த மாத்திரை எங்கள் வீட்டில் இருந்தது. குளச்சல் பக்கம், கடலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் உள்ள ஓட்டு வீடு. ஏழு மாதத்தில் நாலு இடம் மாற்றி வைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் என்ன லாபம், என்ன கஷ்டம் என்று இப்போது சொல்ல முடியும்.

## முதலில் சட்டம் என்ன கேட்கிறது

போலீஸில் சொல்ல வேண்டாம். லைசன்ஸ் வேண்டாம். வீட்டில் வைக்கலாம்.

மார்ஃபின் 1985ஆம் ஆண்டின் போதைமருந்துச் சட்டத்துக்குக் கீழே வருகிறது. என்.டி.பி.எஸ். என்று பேப்பரில் அடிக்கடி பார்ப்போமே, அதுதான். முன்பெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறாக இருந்தது. ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வைத்திருக்க நாலைந்து அனுமதிக்கு அலைய வேண்டியிருந்ததால் பலரும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி ‘அத்தியாவசிய போதை மருந்துகள்’ என்று ஒரு வகையைக் கொண்டுவந்தார்கள். மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் என்று ஆறு மருந்துகள் 2015இல் அதில் சேர்ந்தன. இவற்றுக்கு இப்போது நாடு முழுக்க ஒரே விதி. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் இங்கே புற்றுநோய் வைத்தியத்துக்குப் பலர் களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளாவுக்குத்தான் போகிறார்கள்.

அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் மார்ஃபினைப் பூட்டி வைக்க வேண்டும், வந்தது போனதை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வீட்டில் இருக்கும் நோயாளிக்கு விதி கேட்பது அளவு ஒன்றுதான்: அவருடைய பயன்பாட்டுக்காக ஒரே தடவையில் கொடுக்கப்பட்ட அளவை அவர் வைத்திருக்கலாம். எந்த அலமாரி, எத்தனை பூட்டு என்றெல்லாம் அது சொல்லவில்லை.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. போன மாதத்து மீதம் ஐம்பது, இந்த மாதம் புதிதாக 180 என்று சேர்த்து வைத்தால், ‘ஒரே தடவையில் கொடுத்த அளவு’ என்ற வரம்பை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். யாரும் வீடு புகுந்து எண்ணப்போவதில்லை என்பது வேறு. அடுத்த முறை போகும்போது மீதி எத்தனை என்று சொல்லி, அதைக் கழித்து வாங்குவதுதான் முறை. பல இடங்களில் அவர்களே காலி அட்டையைக் கொண்டுவரச் சொல்வார்கள்.

வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் வேறு சில மாத்திரைகளுக்குக் கணக்கே வேறு:

| மருந்து | வகை | ஒருவர் தன் வைத்தியத்துக்கு வைத்திருக்கக்கூடியது |
|---|---|---|
| மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன் | அத்தியாவசிய போதை மருந்து | அவருக்கு ஒரே தடவையில் கொடுத்த அளவு |
| ட்ரமடால், அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் | மனமயக்கப் பொருள் | 100 மாத்திரை வரை. நீண்டநாள் வைத்தியத்துக்கென்று டாக்டர் குறிப்பாக எழுதினால் 300 வரை |

ட்ரமடால் 2018இல்தான் இந்தப் பட்டியலுக்குள் வந்தது. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் வருஷக்கணக்காக அதை விழுங்குகிற பலருக்கு இன்னும் இது தெரியாது. நாளைக்கு நாலு என்றால் முப்பது நாளைக்கு 120. சீட்டில் நீண்டகால வைத்தியம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மார்ஃபினைக் கண்டு நடுங்குகிற வீட்டிலேயே ட்ரமடால் டப்பா ஃபிரிட்ஜ் மேலே திறந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அளவு கொஞ்சம்தானே, மாட்டினாலும் ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். மார்ஃபினுக்குச் சட்டம் சொல்லும் ‘சிறு அளவு’ 5 கிராம். 10 மில்லிகிராம் மாத்திரை 180 என்றால் 1.8 கிராம்தானே என்று தோன்றும். ஆனால் மருந்தை மட்டும் நிறுக்கக் கூடாது, கலந்திருக்கும் மற்றப் பொருளையும் சேர்த்தே எடை பார்க்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறு அளவுக்கே ஒரு வருஷம் வரை சிறை உண்டு. இதெல்லாம் உரிமையில்லாமல் வைத்திருப்பவருக்கு. சீட்டு உள்ள நோயாளிக்கு இந்தப் பயமே தேவையில்லை. சீட்டு யார் பெயரில், மாத்திரை யார் கையில் என்ற இரண்டும் பொருந்தி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் நாலு கேள்வி வைத்துக்கொள்வேன். ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் இரண்டு நிமிஷத்தில் மாத்திரை கைக்கு வருமா? பிள்ளைகளும் வந்துபோகிறவர்களும் தொட முடியாமல் இருக்குமா? நம்மூர் ஈரத்துக்கும் வெயிலுக்கும் தாங்குமா? யாராவது கேட்டால் எத்தனை வந்தது, எத்தனை போனது என்று சொல்ல முடியுமா?

முதல் கேள்விக்கும் இரண்டாவதுக்கும் எப்போதும் சண்டைதான். பாதுகாப்பு கூடக்கூட மாத்திரை தூரம் போகும்.

## பீரோ லாக்கர்

எல்லாரும் முதலில் செய்வது இதுதான், நாங்களும் செய்தோம். நகையும் பத்திரமும் இருக்கிற இடம், சாவி அண்ணனிடம். பிள்ளைகள் தொட முடியாது. இரும்புக்குள் இருட்டு, வெயில் படாது.

இரண்டாவது வாரமே அது சரிப்படாது என்று தெரிந்துவிட்டது. அண்ணன் ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோவில் போனவன், மழையில் அங்கேயே தங்கிவிட்டான். சாவி அவன் சட்டைப் பையில். பதினொன்றரைக்கு அப்பாவுக்கு வலி கூடியது. அவன் பைக்கில் நனைந்துகொண்டு வந்து சேர ஒன்றே கால் ஆனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணிக்கூருக்கு ஒருமுறை கொடுக்கிற மருந்து. நேரம் தவறினால் வலி முன்னால் போய்விடும், அப்புறம் அதைப் பிடிக்க இரண்டு வேளை ஆகும்.

மறைசெலவு இதுதான்: சாவி வைத்திருப்பவர் எங்கேயும் போக முடியாது. அது போக, நாளைக்கு ஆறு தடவை பீரோவைத் திறந்தால் நகை எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஆனாலும் பீரோ பொருந்துகிற வீடு உண்டு. பன்னிரண்டு மணிக்கூர் தாங்குகிற மார்ஃபின் மாத்திரை எழுதியிருந்தால் காலையும் ராத்திரியும் திறந்தால் போதும். பெரிய இருப்பைப் பீரோவிலும் ஒரு நாளைக்கு உள்ளதை மட்டும் வெளியிலும் வைப்பது இன்னும் நல்லது.

## கட்டிலருகே சின்னப் பூட்டுப் பெட்டி

கடையில் கல்லாவுக்கு வைப்பார்களே, தகரப் பணப்பெட்டி, அதுதான். மார்த்தாண்டத்தில் ஒன்று வாங்கி, அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல் கம்பியோடு ஒரு சங்கிலி போட்டு வைத்தோம். சங்கிலி இல்லாவிட்டால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடலாம், பூட்டுக்கு அர்த்தமே இல்லை.

நாலு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னது இது ஒன்றுதான். கையெட்டும் தூரம். பிள்ளைகள் திறக்க முடியாது. உள்ளே மாத்திரை அட்டை, சீட்டின் ஜெராக்ஸ், நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா. நோட்டில் தேதி, நேரம், எத்தனை, மீதி எத்தனை, கொடுத்தது யார். அக்காதான் கோடு போட்டாள். மூன்று பேர் மாறி மாறிப் பார்க்கிற வீட்டில் இந்த நோட்டு சட்டத்துக்காக அல்ல, ஒருவர் கொடுத்ததை மறந்து இன்னொருவர் மறுபடி கொடுக்காமல் இருக்கத்தான் முதலில் தேவைப்பட்டது.

மறைசெலவு என்று பார்த்தால் உப்புக்காற்று. சாதாரண இரும்புப் பூட்டு எங்கள் வீட்டில் ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. சாவி உள்ளே போகும், திரும்பாது. தேங்காய் எண்ணெய் விட்டோம், அது தூசியைப் பிடித்து இன்னும் இறுகியது. பித்தளைப் பூட்டுக்கு மாறினோம். கடலோரம் இருப்பவர்கள் முதலிலேயே பித்தளையோ நம்பர் பூட்டோ வாங்குங்கள். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் என்றால் துருவைவிட ஈரம் பெரிது. மழைக்காலத்தில் அட்டையோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பெட்டிக்குள் வைக்கலாம். மாத்திரையை அட்டையிலிருந்து பிய்த்து வைக்க வேண்டாம். ஈரம் ஏறும், அதோடு அட்டையில் அச்சடித்த பெயரும் தேதியும் இல்லாத வெறும் மாத்திரை எதுவென்று யாருக்கும் நிரூபிக்க முடியாது.

## ஃபிரிட்ஜ், சாமி அலமாரி, தலையணைக்கடி

ஃபிரிட்ஜ் வேண்டாம். மார்ஃபின் மாத்திரைக்குக் குளிர் தேவையில்லை, அட்டையில் போட்டிருக்கும் வெப்ப அளவைத் தாண்டாமல் நிழலில் இருந்தால் போதும். வீட்டிலேயே அதிகம் திறக்கிற கதவும் அதுதான். சாமி அலமாரியில் பயபக்தியால் யாரும் தொடமாட்டார்கள் என்பது பெரியவர்களைப் பற்றிய நம்பிக்கை, மூன்று வயசுப் பிள்ளைக்கு அது தெரியாது. தலையணைக்கடியில் வைத்தால் நோயாளியே தூக்கக்கலக்கத்தில் இரண்டாவது எடுத்துவிடும் அபாயம் உண்டு.

எங்கே வைத்திருந்தாலும், பிள்ளையோ வேறு யாரோ தவறி விழுங்கிவிட்டால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். மூச்சு மெதுவாவதுதான் ஆபத்து. உடனே 108. அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

## வெளியே ஒருவரிடம் கொடுத்து வைப்பது

“பக்கத்து வீட்டு சிஸ்டர் வந்து கொடுத்துட்டுப் போறாங்க, அவங்ககிட்டயே இருக்கட்டுமே” என்று கேட்கிறவர்கள் நிறைய. தெரிந்த மெடிக்கல்காரரிடம் வைப்பவர்களும் உண்டு. நல்ல மனசோடு செய்வதுதான், ஆனால் நாலு வழியில் இதைத்தான் நான் ஒரேயடியாக வேண்டாம் என்பேன்.

காரணம் விதியில் இருக்கிறது. நோயாளியின் பயன்பாட்டுக்குக் கொடுத்தது என்பதால்தான் அந்த மாத்திரைக்குப் பாதுகாப்பு. அது இன்னொரு வீட்டு மேசை டிராயரில் இருந்தால், அங்கே இருப்பவர் பெயரில் சீட்டு இல்லை. இந்தச் சட்டத்தில் பொருள் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் திருப்தியாகக் கணக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் குற்றம் என்றே எடுத்துக்கொள்வார்கள். உதவி செய்ய வந்தவருக்கு நாம் அந்தத் தலைவலியைக் கொடுக்கலாமா? கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற மகனோ மகளோ அதே வீட்டில் நோயாளிக்காக எடுத்துக் கொடுப்பது வேறு விஷயம்.

தனியாக இருக்கும் முதியவர் என்றால் என்ன செய்வது? அப்போது மாத்திரையை வெளியே கொடுப்பதைவிட ஆளை உள்ளே வரவைப்பது நல்லது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கு நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். அவர் வரும்போது பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கச் சொல்லலாம்.

## கொஞ்சமாக வாங்குவது

இது இடத்தைப் பற்றியது அல்ல, ஆனால் இடப் பிரச்சினையைப் பாதியாகக் குறைக்கும். ஒரு மாதத்துக்கு 180 வாங்காமல் பதினைந்து நாளைக்கு 90 வாங்கினால், வீட்டில் இருப்பது பாதி, தொலைந்தால் நஷ்டம் பாதி, டாக்டர் அளவை மாற்றினால் மிஞ்சுவதும் பாதி.

விலை பஸ்ஸில் தெரியும். மார்ஃபின் எல்லா மெடிக்கலிலும் இருக்காது, கொடுக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். டவுன் பஸ்ஸில் களியக்காவிளை வரை அக்காவுக்கு டிக்கெட் இல்லை, அந்தப் பக்கம் ஏறினால் உண்டு. ஒரு தடவை போய்வர ஒரு முழு நாள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம், ரப்பர் வெட்டுகிறவருக்கு ஒரு நாள் பால். இப்படி மாதம் இரண்டு தடவை. ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியிலோ வேறு எங்கோ பக்கத்திலேயே கிடைக்கிறவர்களுக்கு இது தாராளமாகச் சரிவரும். அளவு இன்னும் நிலைக்காத முதல் ஒன்றிரண்டு மாதத்துக்கும், வீட்டில் குடிப்பழக்கமோ மாத்திரைப் பழக்கமோ உள்ள ஒருவர் இருந்தாலும், எவ்வளவு தூரமானாலும் இதைத்தான் சொல்வேன். அந்த இரண்டாவது காரணத்தை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்டுப் பழகியவர்கள்.

## ஒட்டு மருந்து எழுதியிருந்தால்

விழுங்க முடியாதவர்களுக்கு ஃபென்டனில் பேட்ச் தருவார்கள், மூன்று நாளைக்கு ஒன்று. எண்ணிக்கை குறைவு, பெட்டி சின்னதாக இருந்தாலே போதும். ஆனால் இங்கே பூட்ட வேண்டியது புதியதை மட்டுமல்ல. உரித்து எடுத்த பழைய பேட்சிலும் மருந்து மிச்சம் இருக்கும், ஒரு பிள்ளையைக் கொல்லப் போதுமான அளவு. ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து, பெட்டிக்குள்ளேயே ஒரு டப்பாவில் போட்டு, அடுத்த முறை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுங்கள். பேட்ச் மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே இறங்கும்.

## பயணத்தில்

திருவனந்தபுரத்திலிருந்து வரும் வழியில் செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னால் பதற வேண்டியதில்லை. மாத்திரை அட்டையிலேயே, அட்டை கவரிலேயே, கவரோடு சீட்டு. போனில் ஒரு போட்டோவும் இருக்கட்டும். ஒருமுறை எங்களிடம் கேட்டார்கள். சீட்டைப் பார்த்த போலீஸ்காரர், “அப்பாவுக்கா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.

கல்ஃபில் இருக்கும் தம்பிக்கு முதுகுவலி, ஊரிலிருந்து வலி மாத்திரை நாலு அட்டை கொடுத்தனுப்பலாம் என்று யாராவது நினைத்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ட்ரமடாலும் கோடீனும் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, முன்கூட்டியே அனுமதி வாங்காமல் கொண்டுபோனால் மாட்டுவது கொண்டுபோகிறவர்.

## மிஞ்சினால்

அப்பா போனபோது பெட்டியில் 41 மாத்திரை இருந்தது. பதினாறு முடியும்வரை யாரும் பெட்டியைத் தொடவில்லை. பிறகு ஒரு சித்தப்பா மெல்லக் கேட்டார், அவருக்கு இடுப்புவலி, இரண்டு அட்டை தரமுடியுமா என்று. கேட்டதில் தப்பில்லை, அவருக்கு அது வலி மாத்திரை, அவ்வளவுதான். ஆனால் கொடுக்க முடியாது. பழக்கமில்லாத உடம்புக்கு அந்த அளவு ஆபத்து, சட்டப்படியும் அது ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்கு மாற்றுவது. அப்பா இல்லாதபோது ‘அவருடைய பயன்பாடு’ என்ற சொல் எங்கள் யாருக்கும் பொருந்தவில்லை.

வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுத்தோம். எண்ணி, ரிஜிஸ்டரில் எழுதி, கையெழுத்து வாங்கினார்கள். அப்படிப் போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் தந்த வழிகாட்டியில் 17 மருந்துகளை மட்டும் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்கிறது. மார்ஃபின், ஃபென்டனில், ட்ரமடால், டயசெபாம் எல்லாம் அதில் உண்டு. மற்ற மருந்துகளுக்கு இது கூடாது. குப்பையில் போட்டு யாரோ பொறுக்குவதைவிட இவற்றுக்கு இது மேல் என்பதால்தான் இந்த விலக்கு.

கோட்டாற்றுக்காரரிடம் கட்டிலருகே பெட்டி, கூடவே நோட்டு என்றுதான் சொன்னேன். அம்மையோடு மகளும் மருமகனும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருக்கிற வீடு, அதற்கு வேறு எதுவும் சரிவராது. மறுநாளே நம்பர் பூட்டோடு ஒரு பெட்டி வாங்கி போட்டோ அனுப்பினார். நம்பர் அம்மை பிறந்த வருஷமாம். மாற்றச் சொல்லியிருக்கிறேன்.